ஆயிரம் பேரா, நாற்பது ஊரா? பலநிலைப் பகுப்பாய்வு: வாசகர் கேள்வி பதில்

ஊருக்குள் ஆட்கள், மருத்துவமனைக்குள் நோயாளிகள் என்று கொத்துக் கொத்தாக அமைந்த தரவை அந்த அமைப்போடே ஆராய்வது பலநிலைப் பகுப்பாய்வு. மல்டிலெவல் என்று ஆய்வாளர்கள் சொல்லும் அதைப் பற்றி வந்த கேள்விகளில், பொதுச் சுகாதார ஆய்வில் இருப்பவர்களுக்கு அடிக்கடி இடறும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எடுத்துக்காட்டு எண்கள் எல்லாம் கணக்கை விளக்க நாங்களே போட்டவை.

கேள்வி (முதுகலை மாணவி): நாற்பது ஊர், ஊருக்கு 25 பேர் என்று 1000 பேருக்கு இரத்த அழுத்தம் அளந்தேன். சாதாரண ரெக்ரஷனில், ஊரிலிருந்து சுகாதார நிலையத்துக்கு உள்ள தூரத்துக்கு பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு) 0.01 வந்தது. வழிகாட்டி மல்டிலெவல் போடச் சொன்னார். போட்டதும் அந்த 0.01 காணாமல் போய்விட்டது. எதை நம்புவது?

பதில்: இரண்டாவதை. சாதாரண ரெக்ரஷன் 1000 பேரையும் ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாதவர்களாக எண்ணிக்கொள்கிறது. ஒரே ஊர்க்காரர்கள் அப்படி இல்லை. ஒரே தண்ணீர், ஒரே வேலை, ஒரே சுகாதார ஊழியர், ஒரே உறவுவட்டம். ஓர் ஊரில் பத்துப் பேரை அளந்தபின் பதினோராவது ஆள் சொல்லும் புதுச் செய்தி குறைவுதான்.

எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வது ஐ.சி.சி. மொத்த மாறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டின் பங்கு அது. அதை வைத்து, கொத்தாக எடுத்ததால் தகவல் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் டிசைன் எஃபெக்ட் கணக்கிடலாம்: ஓர் ஊரில் எடுத்த ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஐ.சி.சி.யால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உங்கள் ஐ.சி.சி. 0.05 என்று வைத்துக்கொண்டால் 1 + 24 × 0.05 = 2.2. அதாவது 1000 பேர் தரும் தகவல், தனித்தனியாகத் தேர்ந்த 455 பேர் தரும் தகவலுக்குச் சமம். மதிப்பீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் திட்டப்பிழை 2.2இன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 1.48 மடங்கு பெருகும். உங்கள் 0.01 இந்தக் கணக்கில் 0.08க்குப் போகும். காணாமல் போனது அப்படித்தான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தூரம் என்பது ஊரின் குணம், ஆளின் குணம் அல்ல. ஒரே ஊரின் 25 பேருக்கும் அதே எண்தான். எனவே தூரத்தைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 40 அவதானிப்புகள். வயது, பாலினம் போல ஊருக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும் மாறிகளுக்கு இவ்வளவு அடி விழாது. சில வேளை திட்டப்பிழை குறையவும் கூடும். "மல்டிலெவல் போட்டால் எல்லாம் நான்-சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும்" என்று துறையில் உலவும் பேச்சு அதனால் அரை உண்மைதான்.

இன்னும் சிலரைச் சேர்த்துச் சரிசெய்யலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதே 40 ஊரில் ஊருக்கு 50 பேர் எடுத்தால் டிசைன் எஃபெக்ட் 3.45, 2000 பேரை அளந்தும் பயன் 580 பேருக்குத்தான். அதே 2000 பேரை 80 ஊரில் 25 பேராக எடுத்தால் 909. நாற்பது ஊரிலேயே நின்றால், எத்தனை ஆயிரம் பேரை அளந்தாலும் 40ஐ 0.05ஆல் வகுத்த 800ஐ அது தாண்டாது. பணம் இருந்தால் ஊரைக் கூட்டுங்கள், ஆளைக் கூட்டாதீர்கள்.

கேள்வி (சுகாதாரத் துறைப் புள்ளியியலாளர்): என் ஐ.சி.சி. வெறும் 0.03. இவ்வளவு குறைவாக இருந்தால் மல்டிலெவல் தேவையில்லை என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார்.

பதில்: தவறு. கொத்துக்கு 100 பேர் இருந்தால் 0.03கூட டிசைன் எஃபெக்டை 3.97 ஆக்கும். ஐ.சி.சி.யை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கொத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்களைத் தேர்ந்தெடுத்து அதற்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஐ.சி.சி. எதுவாக இருந்தாலும் அந்த அமைப்பு மாடலில் இருக்கட்டும்.

ஊர் மாறுபாடு பூஜ்யமா என்று லைக்லிஹுட் ரேஷியோ சோதனை (இரண்டு மாடல்கள் தரவுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒப்பிடுவது) செய்தால், மாறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பதை மறக்காதீர்கள். ஒரே ஒரு ரேண்டம் இன்டர்செப்ட் (ஊருக்கு ஊர் மாறும் தொடக்க அளவு) இருக்கும்போது ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கான கை-ஸ்கொயர் பி மதிப்பை இரண்டால் வகுக்க வேண்டும். சில மென்பொருள் தானே வகுத்துவிடும். எனவே வெளியீட்டின் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு வகுங்கள், இல்லையேல் இரண்டு முறை வகுத்துவிடுவீர்கள்.

இன்னொன்று: ஐ.சி.சி. குறைவு என்றால் சூழலுக்கு வேலையில்லை என்று பொருளல்ல. பிரிட்டிஷ் தொற்றுநோயியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் சொன்னது இதுதான். எல்லோரும் நாளுக்கு 20 சிகரெட் பிடிக்கும் ஒரு சமூகத்தில் ஆய்வு செய்தால், நுரையீரல் புற்றுநோய் மரபணு நோய் என்றே முடிவு வரும். எல்லா ஊரிலும் ஒரே அளவு கெட்ட காற்று இருந்தால், ஊர்களுக்கு இடையிலான மாறுபாட்டில் அது தெரியவே தெரியாது.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர்): மாடலை எந்த வரிசையில் கட்டுவது? ஒவ்வொரு படியிலும் எதை எழுதி வைப்பது?

பதில்: மென்பொருளைத் திறக்குமுன் ஒரு அட்டவணை போடுங்கள்: எத்தனை கொத்து, மிகச்சிறிய கொத்தில் எத்தனை பேர், மிகப்பெரியதில் எத்தனை பேர், ஒரே ஆள் மட்டும் உள்ள கொத்து எத்தனை. பாதிக் கொத்துகளில் ஒரே ஆள்தான் என்று இருந்தால் ஊர் மாறுபாட்டையும் ஆள் மாறுபாட்டையும் பிரித்தறியும் வேலையை மீதிப் பாதிதான் செய்ய வேண்டும். அது பெரும்பாலும் தடுமாறும்.

முதலில் எந்த மாறியும் இல்லாத வெற்று மாடல். இரத்த அழுத்தத் தரவில் ஊர் மாறுபாடு 24, ஆள் மாறுபாடு 276 வந்தது என்று கொள்வோம். ஐ.சி.சி. 24 / 300 = 0.08. இதை எழுதிவிட்டு நிற்காதீர்கள். 24இன் வர்க்கமூலம் 4.9. பொதுச் சராசரி 128 என்றால், நூற்றுக்கு 95 ஊர்களின் சராசரி 118க்கும் 138க்கும் இடையே இருக்கும். வாசகருக்குப் புரிவது இந்த வரிதான், 0.08 அல்ல. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து ஆள் நிலை மாறிகள்: வயது, பாலினம், படிப்பு, வருமானம். இப்போது ஊர் 16, ஆள் 240. ஊர் மாறுபாடு 24இலிருந்து 16க்கு, மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஊர்களுக்கு இடையே தெரிந்த வேறுபாட்டில் அந்த அளவு, அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதால் வந்தது என்பார்கள். இப்படிச் சொல்லுமுன் ஒரு நிமிடம். வருமானம் குறைந்ததே அந்த ஊரில் வேலை இல்லாததால் என்றால், ஊரின் விளைவையே ஆளின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். எந்த மாறி குழப்பி (ஊர், விளைவு இரண்டையும் பாதிப்பது), எந்த மாறி இடையில் நிற்கும் வழி என்பதைத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டு மாடலுக்குப் போங்கள்.

மூன்றாவது, ஊர் நிலை மாறிகள். ஊர் 16இலிருந்து 12க்கு இறங்கினால் மீதியில் கால் பங்கை அவை விளக்கின. ஊர் நிலை மாறிகளைச் சேர்க்கும்போது ஆள் மாறுபாடு ஏறக்குறைய அசையக் கூடாது; நிறைய அசைந்தால் எங்கோ ஓர் ஊருக்கு இரண்டு மதிப்பு ஏறியிருக்கிறது. தரவுப் பிழையைக் கண்டுபிடிக்க நல்ல வழி இது.

நான்காவது, சாய்வுகள் ஊருக்கு ஊர் மாறட்டும் என்று விடுவது. வயது ஓராண்டு கூடினால் அழுத்தம் சராசரியாக 0.6 கூடுகிறது, அந்தச் சாய்வின் திட்டவிலக்கம் 0.2 என்றால், ஊர்களில் பெரும்பாலானவற்றில் அது 0.2க்கும் 1.0க்கும் இடையே. ஓர் ஊரில் வயது ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை, இன்னோர் ஊரில் பத்தாண்டுக்கு 10 மி.மீ. ஏற்றுகிறது. ஏன் என்று கேட்கத் தோன்றினால்தான் குறுக்கு நிலை ஊடாட்டத்துக்குப் போக வேண்டும். வயதையும் ஊரின் ஒரு குணத்தையும் பெருக்கிச் சேர்க்கும்போது, வயதின் சாய்வை ரேண்டம் ஆக விடாமல் சேர்த்தால் அந்த ஊடாட்டத்தின் திட்டப்பிழை மிகச் சிறியதாக வந்து ஏமாற்றும். அச்சில் வரும் தவறுகளில் இது அடிக்கடி தென்படுவது.

இடையில் ஒரு எச்சரிக்கை: மாறிகள் வேறான இரண்டு மாடல்களை லைக்லிஹுட் வைத்து ஒப்பிடும்போது எம்.எல். (மேக்சிமம் லைக்லிஹுட்) முறையில் பொருத்துங்கள். ஆர்.இ.எம்.எல். (ரெஸ்ட்ரிக்டட் மேக்சிமம் லைக்லிஹுட்) மதிப்புகளை அப்படி ஒப்பிடக் கூடாது. இறுதி மாடலைத் திரும்ப ஆர்.இ.எம்.எல்.லில் பொருத்தி மாறுபாடுகளை எழுதலாம்.

கேள்வி (ஆராய்ச்சி உதவியாளர்): குடும்ப வருமானத்தையும் ஊரின் சராசரி வருமானத்தையும் ஒரே மாடலில் போட்டேன். சென்டரிங் செய்ததற்கு ஏற்ப ஊரின் குணகம் மாறுகிறது. எது உண்மையான ஊர் விளைவு?

பதில்: இரண்டும் உண்மை, கேள்விதான் வேறு. நீங்கள் போட்ட சென்டரிங் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதுதான் விஷயம்.

ஒவ்வொருவரின் வருமானத்திலிருந்து அவர் ஊரின் சராசரியைக் கழித்தால் அது குழுச் சராசரி சென்டரிங். அப்போது ஆளின் குணகம் ஊருக்குள் நடக்கும் தொடர்பை மட்டும் சொல்லும். ஊர்ச் சராசரியின் குணகம் ஊர்களுக்கு இடையிலான தொடர்பைச் சொல்லும். ஒரு எண்ணோடு பார்ப்போம்: உள்ளே −0.8, இடையே −3.0. வருமானத்தைப் பொதுச் சராசரியிலிருந்து மட்டும் கழித்தால், அல்லது கழிக்காமலே விட்டால், ஆளின் குணகம் அதே −0.8, ஆனால் ஊரின் குணகம் −2.2 ஆகிவிடும். அதுதான் சூழல் விளைவு: ஒரே வருமானமுள்ள இருவர், ஒருவர் வசதியான ஊரில், மற்றவர் வசதி குறைந்த ஊரில் இருந்தால் அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு. −3.0ஐ எடுத்து "சூழல் விளைவு" என்று எழுதினால் ஆளின் வருமானத்தை இரண்டு முறை எண்ணியவர் ஆவீர்கள்.

ஊர்ச் சராசரியைச் சேர்க்காமல் ஆளின் வருமானத்தை மட்டும் போட்டால் இன்னும் மோசம்: உள்ளேயும் இடையேயும் உள்ள இரண்டு எண்களும் கலந்து, எதற்கும் பதிலாகாத ஒன்று வரும். எனவே ஆள் நிலையில் முக்கியமான மாறி ஒன்று இருந்தால் அதன் ஊர்ச் சராசரியையும் கூடவே போடுங்கள்.

இரண்டும் எதிர் எதிராகக்கூடப் போகும். 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டியது இன்றும் வகுப்பறையில் முதல் எடுத்துக்காட்டு. மாநில வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, ஒட்டுறவு −0.53. ஆள் வாரியாகப் பார்த்தால் +0.12, வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். புதிதாக வந்தவர்கள் எழுத்தறிவு உயர்ந்த மாநிலங்களில் குடியேறியதால் வந்த வினை. மாநிலத்தின் எண்ணை ஆளின் தலையில் ஏற்றுவது எவ்வளவு ஆபத்தோ, ஆளின் எண்ணை ஊரின் தலையில் ஏற்றுவதும் அவ்வளவே ஆபத்து. பின்னதைப் பற்றி யாரும் அவ்வளவாக எச்சரிப்பதில்லை.

ஊர்ச் சராசரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். ஊரில் ஐந்தே குடும்பத்தை அளந்து அவற்றின் சராசரியை ஊரின் வருமானம் என்று போட்டால் அது தடுமாறும் அளவு. குணகம் ஊருக்குள் உள்ள எண்ணை நோக்கி இழுபடும். மக்கள்தொகைக் கணக்கு போன்ற வெளி மூலம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேள்வி (தடுப்பூசித் திட்ட ஆய்வாளர்): எங்கள் விளைவு ஆம்/இல்லை வகை. லாஜிஸ்டிக் மல்டிலெவலில் ஆள் நிலை மாறுபாடே வெளியீட்டில் வருவதில்லை. ஐ.சி.சி. எப்படிப் போடுவது? தாயின் படிப்பைச் சேர்த்தால் ஊர் மாறுபாடு குறைவதற்குப் பதில் கூடுகிறதே?

பதில்: லாஜிஸ்டிக் மாடலில் ஆள் நிலை மாறுபாடு மதிப்பிடப்படுவதில்லை, பையின் வர்க்கத்தை மூன்றால் வகுத்த 3.29 என்று நிலையாக நிற்கிறது. ஊர் மாறுபாடு 0.40 என்றால் ஐ.சி.சி. 0.40 / 3.69 = 0.11. கணக்கு சரி. ஆனால் 0.11ஐ வைத்துத் திட்ட அலுவலரிடம் என்ன சொல்வீர்கள்?

அதற்காகத்தான் மீடியன் ஆட்ஸ் ரேஷியோ வந்தது. (ஆட்ஸ் என்பது நிகழும் வாய்ப்பை நிகழாத வாய்ப்பால் வகுத்தது.) ஊர் மாறுபாட்டின் வர்க்கமூலத்தை 0.954ஆல் பெருக்கி, அடுக்கேற்றுங்கள், அதாவது எக்ஸ்போனென்ஷியல் எடுங்கள். 0.40க்கு வர்க்கமூலம் 0.632, பெருக்கினால் 0.603, அடுக்கேற்றினால் 1.83. கண்ணை மூடி இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து, மற்றபடி ஒரே மாதிரியான இரண்டு குழந்தைகளை ஒப்பிட்டால், தடுப்பூசி அதிகம் போடப்படும் ஊர்க் குழந்தையின் ஆட்ஸ் மற்றதைவிட நடுத்தரமாக 1.83 மடங்கு. தாயின் படிப்புக்கு ஆட்ஸ் ரேஷியோ 1.5 வந்திருந்தால், எந்த ஊரில் பிறக்கிறோம் என்பது அதைவிடப் பெரிது என்று பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இரண்டும் ஒரே அளவுகோலில் இருப்பதுதான் இதன் வசதி.

மாறுபாடு கூடுவது உங்கள் பிழையல்ல. 3.29 நகராமல் நிற்பதால், ஆள் நிலையில் வலுவான ஒரு மாறியைச் சேர்த்ததும் முழு அளவுகோலும் நீள்கிறது. மற்ற குணகங்களும் ஊர் மாறுபாடும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். எனவே "மாறுபாட்டில் இத்தனை விழுக்காடு குறைந்தது" என்ற கணக்கை வெற்று மாடலிலிருந்து ஆள் நிலை மாடலுக்கு லாஜிஸ்டிக்கில் போடாதீர்கள். ஆள் மாறிகள் எல்லாம் ஏறியபின், அந்த மாடலுக்கும் ஊர் மாறிகள் சேர்த்த மாடலுக்கும் இடையே போட்டால் ஏற்றுக்கொள்ளலாம்.

மதிப்பிடும் முறையையும் கேளுங்கள். எம்.க்யூ.எல்., பி.க்யூ.எல். என்ற பழைய தோராய முறைகள், கொத்துகள் சிறிதாகவும் ஊர் மாறுபாடு பெரிதாகவும் இருக்கும்போது ஊர் மாறுபாட்டைக் கணிசமாகக் குறைத்துக் காட்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் என்ற தரவில் இது நன்றாகவே தெரியும். பல புள்ளிகளில் மதிப்பிட்டுக் கூட்டும் அடாப்டிவ் குவாட்ரச்சர் முறையைப் பயன்படுத்துங்கள். ஸ்டேட்டா மென்பொருளின் மெலாஜிட் கட்டளை இயல்பாக 7 புள்ளிகள் எடுக்கும்; ஆர் மென்பொருளின் கிளிமர் கட்டளை இயல்பாக ஒரே புள்ளி, அதாவது லாப்லாஸ் தோராயம். ஒரே ஒரு ரேண்டம் இன்டர்செப்ட் என்றால் கிளிமரில் 10, பிறகு 20 என்று ஏற்றிப் பாருங்கள். மூன்றாம் தசம இடத்தில் எண் நின்றுவிட்டால் போதும்.

தடுப்பூசி நூற்றுக்கு எண்பது பேருக்குப் போட்டிருக்கும் இடத்தில் 1.83 ஆட்ஸை "1.83 மடங்கு வாய்ப்பு" என்று எழுதாதீர்கள். நிகழ்தகவாக மாற்றி ஊர் வாரியாகக் காட்டிவிடுங்கள்.

கேள்வி (மருத்துவமனைத் தர ஆய்வாளர்): பன்னிரண்டு மருத்துவமனைகள். ரேண்டம் சாய்வு சேர்த்ததும் "சிங்குலர் ஃபிட்" என்ற எச்சரிக்கை. ஒட்டுறவு சரியாக −1.00. ஆப்டிமைசரை (விடை தேடும் கணக்கு முறையை) மாற்றிப் பார்த்தேன், போகவில்லை.

பதில்: போகாது. ஆப்டிமைசர் நோய்க்கு அல்ல, காய்ச்சலுக்கு மருந்து. பன்னிரண்டு மருத்துவமனைகளை வைத்து இன்டர்செப்ட் மாறுபாடு, சாய்வு மாறுபாடு, இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு என மூன்றைக் கேட்கிறீர்கள். தரவு பதில் சொல்ல முடியாமல் விளிம்பில் போய் நிற்கிறது.

முதலில் சாய்வு மாறியை அதன் சராசரியிலிருந்து கழித்து, திட்டவிலக்கத்தால் வகுங்கள். வயது 0 என்ற ஆளே இல்லாதபோது அந்த இடத்தில் இன்டர்செப்டைக் கேட்பதால்தான் பல வேளை ஒட்டுறவு −1ஐத் தொடுகிறது. அதன்பிறகும் நின்றால் ஒட்டுறவை நீக்கிப் பொருத்துங்கள். ஆரில் இரட்டைச் செங்குத்துக் கோடு. அதிலும் சாய்வு மாறுபாடு பூஜ்யம் என்றால் சாய்வை விட்டுவிட்டு, விட்டதைக் கட்டுரையில் எழுதுங்கள். இல்லையேல் பேய்சியன் முறைக்குப் போய், திட்டவிலக்கத்துக்கு அரை-நார்மல் போன்ற மிதமான பிரையர் (தரவைப் பார்க்குமுன் வைக்கும் அனுமானம்) கொடுங்கள். பிரையரை மாற்றி முடிவு எவ்வளவு அசைகிறது என்றும் காட்டுங்கள்.

பன்னிரண்டில் நேர்கோட்டு மாடல் என்றால் ஆர்.இ.எம்.எல்.லும், சிறு எண்ணிக்கைக்கான கென்வார்ட்-ரோஜர் திருத்தமும் கட்டாயம். எம்.எல். முறை சிறு எண்ணிக்கையில் மருத்துவமனை மாறுபாட்டைக் குறைத்துக் காட்டும். ஐந்தாறு மருத்துவமனைகள் மட்டும்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் டம்மி மாறி (அந்த மருத்துவமனை என்றால் 1, இல்லையென்றால் 0) போடுவதே நேர்மை. ஆனால் அப்போது படுக்கை எண்ணிக்கை, தனியாரா பொதுவா போன்ற மருத்துவமனை நிலை மாறிகள் எதையும் கேட்க முடியாது.

கேள்வி (அதே துறை, வேறொருவர்): எச்சங்களை வைத்து மருத்துவமனைகளை வரிசைப்படுத்தலாமா? நிர்வாகம் பட்டியல் கேட்கிறது.

பதில்: பட்டியல் கொடுக்குமுன், எச்சங்கள் சராசரியை நோக்கிச் சுருங்குவதைப் புரிந்துகொள்ளுங்கள். மல்டிலெவல் தரும் எச்சம் நேரடிச் சராசரி வேறுபாடு அல்ல. தகவல் குறைந்த மருத்துவமனையைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்த மதிப்பு. மருத்துவமனை மாறுபாடு 10, நோயாளி மாறுபாடு 190 என்று வையுங்கள். நம்பகம் என்பது 10ஐ, 10 + 190/நோயாளி எண்ணிக்கை என்பதால் வகுத்தது. ஐந்து நோயாளிகள் என்றால் 0.21, ஐம்பது என்றால் 0.72. நேரடிச் சராசரி பொதுவைவிட 12 புள்ளி குறைவான இரு மருத்துவமனைகளில், ஐந்து நோயாளிகள் உள்ளது −2.5 ஆகவும் ஐம்பது உள்ளது −8.7 ஆகவும் வரும்.

இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. தற்செயலாக மோசமாகத் தெரிந்த சிறு மருத்துவமனையை இது காப்பாற்றுகிறது. உண்மையிலேயே மோசமான சிறு மருத்துவமனையையும் நடுவில் ஒளித்துவைக்கிறது. எனவே பட்டியலோடு நோயாளி எண்ணிக்கையும் நம்பிக்கை இடைவெளியும் கட்டாயம் போகட்டும். எந்த இரண்டை வேண்டுமானாலும் கண்ணால் ஒப்பிடப் போகிறார்கள் என்றால், 1.96க்குப் பதில் 1.39 மடங்கு திட்டப்பிழை அளவில் கோடு போடுங்கள். இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால் சராசரியாக 5 விழுக்காட்டு அளவில் வேறுபாடு என்று கொள்ளலாம். நடுவில் இருக்கும் பெரும்பாலான மருத்துவமனைகளின் கோடுகள் ஏறித்தான் கிடக்கும். அவற்றுக்கு 7ஆம் இடம், 8ஆம் இடம் என்று எண் கொடுப்பதில் பொருளில்லை.

கேள்வி (மாணவர்): ஜி.இ.இ.யா (ஜெனரலைஸ்டு எஸ்டிமேட்டிங் ஈக்குவேஷன்ஸ்), மல்டிலெவலா?

பதில்: மக்கள்தொகை மொத்தத்துக்கு ஒரு சராசரி விளைவு போதும், ஊர் வேறுபாடு தொல்லை மட்டுமே என்றால் ஜி.இ.இ. ஊர் வேறுபாடே கேள்வி என்றால் மல்டிலெவல். ஆம்/இல்லை விளைவில் இரண்டின் எண்களும் ஒத்துவராது, அதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஊர் மாறுபாடு 1 ஆக இருக்கும்போது மல்டிலெவலின் ஆட்ஸ் ரேஷியோ 2.0, ஜி.இ.இ.யில் ஏறக்குறைய 1.8 ஆகத் தெரியும். முன்னது ஒரே ஊருக்குள் ஒப்பிடுவது, பின்னது எல்லா ஊரையும் கலந்து ஒப்பிடுவது. கொத்துகள் நாற்பதுக்குக் கீழே போனால் ஜி.இ.இ.யின் சாண்ட்விச் திட்டப்பிழைக்கும் சிறு எண்ணிக்கைத் திருத்தம் தேவை.

கேள்வி (தரவு மேலாளர்): ஊர்கள் மாவட்டத்துக்குள். மூன்று நிலை மாடலில் மாவட்டம் 10, ஊர் 200 இருக்க வேண்டும். வெளியீடு ஊர் 20 என்கிறது. மேலும், சிலர் ஓர் ஊரில் குடியிருந்து வேறிடத்தில் வேலை செய்கிறார்கள்; அவர்களை எங்கே போடுவது?

பதில்: முதலாவது குறியீட்டுப் பிழை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊர்களுக்கு 1 முதல் 20 வரை எண் போட்டிருக்கிறீர்கள். பத்து மாவட்டத்தின் 7ஆம் எண் ஊரையும் ஒரே ஊர் என்று மென்பொருள் சேர்த்துவிட்டது. மாவட்ட எண்ணையும் ஊர் எண்ணையும் ஒட்டி 0107, 0207 என்று தனிக் குறியீடு ஆக்குங்கள். முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்துவிடாமல் எழுத்து வகையாக வையுங்கள். எந்தப் பலநிலை வெளியீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது குழு எண்ணிக்கை எழுதிய அந்த ஒற்றை வரியை. குணகங்களை அப்புறம் பார்க்கலாம்.

இரண்டாவது குறியீட்டுப் பிழையல்ல, உலகம் அப்படி. குடியிருப்பும் பணியிடமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காதபோது இரண்டையும் தனித்தனி ரேண்டம் எஃபெக்ட் ஆகப் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். இதற்குக் குறுக்கு வகைப்பாடு என்று பெயர். பணியிடத்தை விட்டுவிட்டால் அதன் மாறுபாட்டில் ஒரு பகுதி குடியிருப்பின் கணக்கில் ஏறி, குடியிருப்பு பெரிதாகத் தெரியும். ஆய்வுக் காலத்தில் ஊர் மாறியவர்கள் என்றால் பன்முக உறுப்பினர் மாடல்: இரண்டு ஆண்டு ஓர் ஊரிலும் மூன்று ஆண்டு மற்றதிலும் இருந்தவருக்கு 0.4, 0.6 என்று எடை. எடைகளின் கூட்டு 1 ஆக வேண்டும். எம்எல்வின் மென்பொருள் இதற்கு வசதியானது.

கேள்வி (கணக்கெடுப்புப் பிரிவு ஊழியர்): கணக்கெடுப்பு எடையை மல்டிலெவலில் அப்படியே போடலாமா?

பதில்: கூடாது. தரவுக் கோப்பில் வரும் எடை பெரும்பாலும் எல்லா நிலைகளையும் பெருக்கிய ஒற்றை எண். மாடலுக்கு வேண்டியது கொத்துக்கு ஓர் எடை, கொத்துக்குள் ஆளுக்கு ஓர் எடை. ஆள் எடைகளை, ஒரு கொத்துக்குள் அவற்றின் கூட்டு அந்தக் கொத்தில் எடுத்த ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமமாகும்படி அளவு மாற்றுங்கள். இல்லையேல் ஊர் மாறுபாடு ஊதிப்போகும். ஆரில் எல்மர், கிளிமர் கட்டளைகளில் உள்ள எடை என்ற இடம் கணக்கெடுப்பு எடைக்கானதல்ல. கொத்து எடை வெளியிடப்படாவிட்டால், எடையைத் தீர்மானித்த மாறிகளை மாடலிலேயே சேர்த்து எடையின்றிப் பொருத்தலாம். அதை வெளிப்படையாக எழுதினால் போதும்.

கேள்வி (கொள்கைப் பிரிவு அலுவலர்): பூங்கா அதிகமுள்ள வட்டாரங்களில் மனச்சோர்வு குறைவு என்று எங்கள் மல்டிலெவல் சொல்கிறது, தனிநபர் வருமானத்தையும் கட்டுப்படுத்திவிட்டோம். பூங்கா அமைக்கப் பரிந்துரை எழுதலாமா?

பதில்: கொத்தாக இருப்பதால் வரும் திட்டப்பிழைச் சிக்கலை மாடல் தீர்த்தது. யார் எங்கே குடியேறினார்கள் என்பதை அது தீர்க்கவில்லை. உடல்நலமும் வசதியும் உள்ளவர்கள் பூங்கா உள்ள இடத்தைத் தேடிப் போயிருக்கலாம். சோர்வு வந்தவர்கள் வாடகை குறைந்த இடத்துக்கு நகர்ந்திருக்கலாம். இரண்டுமே அதே குணகத்தைத் தரும். ஒரே ஆட்களைப் பல முறை அளந்த தரவு இருந்தால் அளவீட்டை முதல் நிலை, ஆளை இரண்டாம் நிலை, வட்டாரத்தை மூன்றாம் நிலை ஆக்கி, இடம் மாறாதவர்களின் வட்டாரத்தில் பூங்கா வந்தபின் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அது இல்லையென்றால் இதையாவது செய்யுங்கள். தனிநபர் வருமானத்தை ஐந்து பிரிவு, வட்டாரப் பூங்கா அளவை ஐந்து பிரிவு ஆக்கி 25 கட்டங்களில் ஆட்களை எண்ணுங்கள். பூங்கா மிகுந்த வட்டாரத்தில் ஏழைகளே இல்லை, பூங்கா இல்லாத வட்டாரத்தில் வசதியானவர்களே இல்லை என்று மூலைக் கட்டங்கள் காலியாகக் கிடந்தால், "வருமானத்தைக் கட்டுப்படுத்தினோம்" என்பது அங்கே தரவு சொன்னதல்ல, நேர்கோடு ஊகித்தது. பரிந்துரையை ஆட்கள் இருக்கும் கட்டங்களோடு நிறுத்துங்கள். காலிக் கட்டங்களைப் பின்னிணைப்பில் அட்டவணையாகவே போட்டுவிடுங்கள்.